ஆட்டுத்தோல் உரிக்க எந்தக் கத்தி? வளைவா, நேரா? எந்த எஃகு?

#1 பாலாத்தங்கரை

எல்லாருக்கும் வணக்கம். ஆன்லைன்ல தேடினா வேட்டைக்காரங்களோட தோலுரிக் கத்தின்னு விதவிதமா வருது. 3, 4 அங்குல அலகு, சிலதுல முதுகுப்பக்கம் ஒரு கொக்கி, மான்கொம்பு மாதிரி பிடி. பார்க்க ஆசையாத்தான் இருக்கு. நம்ம ஊர் கறிக்கடை வேலைக்கு அது ஒத்துவருமா?

தேவை இதுதான். சாதாரண நாள்ல 6–8 ஆடு, ஞாயித்துக்கிழமை 20 வரைக்கும். வெள்ளாடும் செம்மறியும் கலந்து. தோல் பேர்ணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் மண்டிக்குப் போகும். அங்க "கத்தி வெட்டு"ன்னு சொல்லி ரகம் இறக்குறாங்க. கத்தியை மாத்தினா இது சரியாகுமா? எவ்வளவு நீளம், எந்த வளைவு, கொல்லர் அடிச்ச கத்தியா கம்பெனிக் கத்தியா, எப்படித் தீட்டணும்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

#2 மட்டுறுத்துநர்

ஒரே ஒரு குறிப்பு. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் ஜவ்வாது மலையிலும் அமிர்தியிலும் வேட்டைக்கு வேலையே இல்லை. முயல், காட்டுப்பன்றி பேச்சை இங்க கொண்டுவராதீங்க. ஆடு, மாடு, கறிக்கடை, தோல் இவ்வளவோட இழை போகட்டும்.

#3 தோல்மண்டி

கத்திக்கு முன்னாடி, தோல் ஷாப்ல, அதாவது தோல் பதனிடுற இடத்துல, எதைப் பார்த்து ரகம் இறக்குறாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க. அப்பதான் என்ன கத்தி வேணும்னு புரியும்.

குத்தம் மூணு வகை. ஒண்ணு ஓட்டை. பச்சையா இருக்கும்போதே வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிச்சா தெரியும். ரெண்டாவது கீறல். கறிப்பக்கம் கத்தி பாதி ஆழம் இறங்கியிருக்கும், ஆனா மறுபக்கம் வராது. இதுதான் பெரிய திருடன். உப்புத்தோல்ல கண்ணுக்கே படாது. ஊறவச்சு, சுண்ணாம்புல போட்டு முடி எடுத்து, தோல் உப்பி நிக்கிறப்பதான் கோடு கோடா பல்லிளிக்கும். ஷூவோட மேல்தோலுக்கு 1.2 மி.மீ. இருக்கிற தோலை 0.8 மி.மீ.க்குச் சீவறாங்கன்னு வச்சுக்கோங்க. கறிப்பக்கத்திலிருந்து 0.4 மி.மீ. போயிடும். கீறல் 0.6 மி.மீ. ஆழம்னா, சீவினப்புறமும் 0.2 மி.மீ. பள்ளம் அந்த மெலிஞ்ச தோல்லயே உக்காந்திருக்கும். இழுத்து அச்சுல போட்டா அந்த இடத்துலதான் கிழியும்.

மூணாவது, தோலோட கறி ஒட்டி வர்றது. கறி இருக்கிற இடத்துல உப்பு உள்ள இறங்காது. உப்பு இறங்காத இடம் அழுகும், அழுகின இடத்துல முடி கழலும், முடி கழண்ட இடத்துல மேல்பக்கம் தேஞ்சுபோயிருக்கும். கறிக்கடைக்காரர் கறியையும் இழந்து தோலையும் இழக்கிறார்.

இன்னொண்ணு, இடம் முக்கியம். வயித்தோரம், கால் ஓரம் ஒரு ஓட்டைன்னா வெட்டி ஒதுக்கிட்டு வேலையைப் பார்க்கலாம். முதுகுல நடுவுல ஒரு ஓட்டைன்னா துண்டு எடுக்கிற கணக்கே மாறிடும். 4–5 சதுர அடி தோல்ல நடு முதுகுதான் பணம்.

#4 உலைக்களம்

தோல்மண்டி அண்ணன் சொன்னதை வச்சே கத்தியோட வடிவத்தைச் சொல்றேன்.

கீறல் பெரும்பாலும் முனையாலதான் விழும். சூரிக்கத்தி மாதிரி நேரான, கூரான அலகை எடுத்தா முனை தோலைப் பார்த்துக்கிட்டே போகும். கை கொஞ்சம் சாய்ஞ்சாலும் குத்தும். உரிக்கிற கத்தின்னா வாய் பக்கம் (வெட்டுற ஓரம்) வயிறு தள்ளி, முனை மேல ஏறியிருக்கணும். தரையில வாயைப் படுக்க வச்சுப் பாருங்க. முனை தரையிலிருந்து 10–15 மி.மீ. தூக்கி நிக்கணும். அப்பதான் ஒரு சமயத்துல தோலைத் தொடுறது வளைவுல ஒண்ணு ஒண்ணரை செ.மீ. மட்டும். எங்க வெட்டுதுன்னு கைக்குத் தெரியும்.

ஆட்டுக்கு அளவு: அலகு 5 அங்குலம், அதிகம் போனா 6. அகலம் 30–35 மி.மீ. முதுகுத் தடிமன் 2–2.5 மி.மீ. அகலம் எதுக்குன்னா, கத்தி தோல் மேல சறுக்கிப் போக ஒரு முகம் வேணும். குறுகின கத்தி புரண்டுடும். வாய்க்குச் சற்று மேல தடிமன் 0.3–0.4 மி.மீ.க்கு மேல இருக்கக்கூடாது. நம்ம பக்கம் அடிக்கிற கத்திங்க முக்கால்வாசி இங்கதான் தோத்துப்போகுது. வாய் கூராத்தான் இருக்கும், ஆனா வாய்க்குப் பின்னால ஆப்பு மாதிரி தடிச்சிருக்கும். வெட்டாது, பிளக்கும்.

வேட்டைக் கத்தி பத்தி: அது மிருகத்தைத் தரையில மல்லாத்திப் போட்டு, ஒருத்தர் குந்தி உக்காந்து, ஒரே ஒரு உருப்படியை உரிக்கிறதுக்கு. அதனால 3–4 அங்குலம், முதுகு 3–4 மி.மீ. கனம், இடுப்புல செருகிக்கிற மாதிரி. தொங்கவிட்டு வரிசையா உரிக்கிற இடத்துல அந்தக் கனம் தொந்தரவு. முதுகுல இருக்கிற கொக்கி வயித்துத் தோலைக் குடல்ல படாம கிழிக்க. யோசனை நல்லதுதான், ஆனா கொக்கிக்குள்ள கொழுப்பும் முடியும் அடைச்சிக்கும். அதைத் தீட்டணும்னா உருண்டை அரம் வேணும். கறிக்கடைக்குத் தண்டம்.

#5 கறிக்கட்டை

உலைக்களம் அண்ணே, ஒத்துக்கமாட்டேன். 6 அங்குல நேரான கத்தி, அரை அங்குல அகலம், அதை வச்சு நம்மாளுங்க வெள்ளாட்டைப் பத்து நிமிஷத்துல உரிச்சுத் தள்றாங்க. வளைவு கிளைவுன்னு எதுவும் கிடையாது. கால், கழுத்து, குளம்பு மூட்டு எல்லாத்துக்கும் ஒரே கத்தி. ரெண்டு கத்தி வச்சா ஒண்ணைத் தேடறதே வேலையாயிடும்.

#6 உலைக்களம்

உரிக்கலாம். கை பழகினவருக்கு ஆக்ஸா பிளேடு போதும். கேள்வி 20-ஆவது ஆட்டுல கை சோர்ந்தப்போ என்ன ஆகும்னுதான். அப்ப மன்னிக்கிற கத்தி வளைஞ்சது. குறுகின நேர்கத்தி எலும்பு எடுக்கிறதுக்குப் பிறந்தது, மூட்டுக்குள்ள புகும். அதே குணம்தான் தோலுக்குள்ளயும் புகும்.

#7 தோல்மண்டி

கறிக்கட்டை சொல்ற அந்தப் பத்து நிமிஷத் தோலை சுண்ணாம்புக் குழியிலேர்ந்து எடுத்துக் காட்டினா பேச்சு மாறும். 😄

#8 முட்டிக்கை

எல்லாரும் கத்தியைப் பேசுறீங்க. ஆட்டை உரிக்கிறது கையால. கத்தி வாசலைத் திறக்க மட்டும்தான். மாட்டுக்குத்தான் கத்தி கடைசி வரைக்கும் வேலை செய்யும். ஆட்டுக்குக் கத்தி படுற இடம் எண்ணி அஞ்சு: பின்னங்கால், தொடை இடுக்கு, நடுக்கோடு, முன்னங்கால்–மார்பு, கழுத்து. மீதி முட்டி.

வரிசை இதுதான். சூடு ஆறாம செய்யணும். உடம்பு ஆறிட்டா சவ்வு இறுகிப் பிடிச்சிக்கும், அப்புறம் கத்தி கேக்கும், கத்தி கேட்டா வெட்டு விழும்.

ரத்தம் முழுசா வடிஞ்சதும் பின்னங்கால் நரம்புல மாட்டித் தொங்க விடுங்க. குளம்பு மூட்டைச் சுத்தி வளையமா ஒரு வெட்டு. அங்கிருந்து தொடையோட பின்பக்கமா மலவாய் வரைக்கும் கோடு. ஒரு முக்கியமான விஷயம்: எந்தக் கோட்டையும் முடிப்பக்கத்திலிருந்து உள்ள வெட்டக்கூடாது. சின்னதா ஒரு துளை போட்டு, முனையைத் தோலுக்கு அடியில நுழைச்சு, வாய் வானத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி, உள்ளேயிருந்து வெளிய கிழிச்சிட்டுப் போகணும். ரெண்டு லாபம். ஆட்டு முடியில மண்ணும் மணலும் ஏறிக்கிடக்கும். மேலிருந்து வெட்டினா ஒவ்வொரு முடியும் வாய்க்கு அரம். உள்ளிருந்து வெட்டினா முடி பிரிஞ்சு வழிவிடும், வாய் மழுங்காது. அடுத்தது, வெட்டுப்பட்ட முடி கறியில ஒட்டாது.

நடுக்கோடு தொடை இடுக்குலேர்ந்து தொண்டை வரைக்கும் நேரா வரணும். வயித்துல இடது கை ரெண்டு விரலைத் தோலுக்கு அடியில விட்டுத் தூக்கிட்டு, அந்த விரல் இடுக்குல கத்தியை ஓட்டுங்க, குடல் தப்பிக்கும். கோடு ஒரு பக்கமா ஓடிட்டா தோல் ஒருபக்கம் அகலமா, ஒருபக்கம் ஒடுக்கமா விரியும். அதுவும் மண்டியில குறைதான்.

அப்புறம் கத்தியைக் கொக்கியில மாட்டிடுங்க. இடது கையால தோலை இறுக்கி வெளிப்பக்கம் இழுங்க, வலது கையை முட்டியா மடக்கித் தோலுக்கும் உடம்புக்கும் நடுவுல தள்ளுங்க. தொடையில ஆரம்பிச்சு, விலாவுக்கு இறங்கி, முதுகுக்குச் சுத்தி வரணும். வால் எலும்பை உருவி எடுத்திடலாம். தோள் தாண்டினதும் ரெண்டு கையாலயும் கீழ இழுத்தா சட்டை கழட்டற மாதிரி கழுத்து வரைக்கும் வந்துடும். கழுத்துல மட்டும் திரும்பக் கத்தி.

செம்மறிக்கு அடியில கொழுப்பு இருக்கும், வழுக்கிட்டு வரும். வெள்ளாட்டுக்குக் கொழுப்பு கம்மி, சவ்வு ஒட்டிக்கிட்டிருக்கும். அவசரப்படாதீங்க. விலா முடிஞ்சு வயிறு தொடங்கற இடம், அக்குள், இந்த ரெண்டும் தோல் மெலிசா இருக்கிற இடம். ஓட்டை அங்கதான் விழும்.

#9 பாலாத்தங்கரை

அருமை. அப்ப அந்த அஞ்சு இடத்துல கத்தி வாயை எந்தப் பக்கம் சாய்க்கணும்? தோல் பக்கமா, கறிப் பக்கமா?

#10 முட்டிக்கை

கறிப் பக்கம், மயிரிழை அளவு. கத்தியோட அகல முகம் தோல் மேல படுத்து சறுக்கணும், வாய் லேசா உடம்பைப் பார்க்கணும். கறியில ஒரு சின்ன கோடு விழுந்தா யாரும் விலை குறைக்கமாட்டாங்க. ஆனா அதிகமா சாய்ச்சீங்கன்னா தோல்மண்டி சொன்ன மூணாவது குத்தம், கறி தோலோட வந்துடும். தோலை இடது கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்குதோ அவ்வளவு சுலபமா வெள்ளைச் சவ்வு தெரியும். வெட்ட வேண்டியது அந்தச் சவ்வை மட்டும். தோல் தொளதொளன்னு இருந்தா மடிப்பு விழும், மடிப்புல கத்தி ஏறும். ஓட்டை விழுறதுல பாதி இடது கையோட தப்பு.

#11 உலைக்களம்

இது கூட ஒரு பட்டறை நுணுக்கம். முனையை அரத்தால 2–3 மி.மீ. அரைவட்டமா உருட்டி விட்டுடுங்க. துளை போட வேற சின்னக் கத்தி இருக்கட்டும். முனை உருண்ட கத்தியால கீறல் போடணும்னா மெனக்கெடணும். பக்ரீத் சமயத்துல பழக்கம் இல்லாதவங்க கையில கத்தி போகும், அப்ப வர்ற தோல்ல வெட்டு ஜாஸ்தி. அவங்களுக்குக் கொடுக்கிற கத்திக்கு இதைக் கட்டாயம் செய்யுங்க.

#12 அரம்_சாணை

எஃகு பத்தி யாரும் ஆரம்பிக்கலையே. நான் ஆரம்பிக்கிறேன், சண்டை வரட்டும்.

டி2-ன்னு ஒரு கருவி எஃகு, அதை எடுங்க. 1.5% கரி (கார்பன்), 12% குரோமியம். ராக்வெல் கடின அளவுல 60-க்கு ஏத்தினா ஞாயித்துக்கிழமை 20 ஆட்டுக்கும் ஒரே தீட்டு போதும். ராக்வெல் 55–56 இருக்கிற கம்பெனிக் கத்தியை நாலு ஆட்டுக்கு ஒரு தரம் தீட்டிக்கிட்டே நிக்கணும்.

#13 உலைக்களம்

சண்டைக்கு வந்துட்டேன்.

டி2 வாய் நிக்கும், ஒத்துக்கிறேன். ஆனா கறிக்கடையில வாய் மழுங்கறது தேய்மானத்தால மட்டும் இல்ல. எலும்புல இடிக்கும், கொக்கியில உரசும், கல்தரையில விழும். 60 கடினத்துல மெலிஞ்ச வாய் மடங்காது, பொடியா உதிரும். உதிர்ந்த வாயைச் சரிபண்ண சாதாரணத் தீட்டுக்கல்லு ஒரு மணி நேரம் கேக்கும், இல்லன்னா வைரக்கல்லு வேணும். 55–57 எஃகு மடங்கும். மடங்கின வாயைத் தீட்டுக் கம்பியில பக்கத்துக்கு நாலு இழுப்பு இழுத்தா நிமிர்ந்துடும், பத்து விநாடி வேலை. உலகம் முழுக்க கசாப்புக்காரங்க கத்தி 0.5% கரி, 15% குரோமியம் இருக்கிற எஃகுல 55–57-ல நிக்கிறது காரணம் இல்லாம இல்ல. விக்டோரினாக்ஸ், டிக் மாதிரி பேர்கள் எல்லாம் அந்த வட்டாரம்தான்.

#14 அரம்_சாணை

எலும்புல இடிக்கிற கைக்கு எந்த எஃகும் சரிவராது. முட்டிக்கை சொன்ன மாதிரி அஞ்சு இடத்துக்கு மட்டும் கத்தி போனா டி2 உதிராது. வாய்க்கோணத்தைப் பக்கத்துக்கு 20 டிகிரியா வச்சா போதும். தீட்டறதைச் சோம்பலா விடறவங்கதான் ஜாஸ்தி. அவங்களுக்கு வாய் நிக்கிற கத்திதான் லாபம். இதுல நான் மாறல.

#15 கறிக்கட்டை

லாரி பட்டைய, அதான் லாரியோட ஸ்பிரிங் பட்டைய, விட்டுட்டீங்களே. நம்ம ஊர்ல அதான ராஜா. கொல்லர்கிட்ட குடுத்தா ரெண்டு நாள்ல கத்தி கையில கீது.

#16 உலைக்களம்

லாரி பட்டை நல்ல எஃகு. 0.5–0.6% கரி, அதிர்ச்சி தாங்கும். ஆனா செய்முறையில மூணு இடத்துல கெடும்.

முதல்ல, ஓடித் தேஞ்ச பட்டையில கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், வருஷக்கணக்கா வளைஞ்சு நிமிர்ந்த இரும்பு அது. புதுப் பட்டையோட வெட்டுத்துண்டு கிடைச்சா அதை வாங்குங்க. கனம் 6–8 மி.மீ. அல்லது அதுக்கு மேல இருக்கும். அதை அடிச்சு 2.5-க்குக் கொண்டுவரணும். பாதி பேர் 4-ல நிறுத்திட்டு வாயை மட்டும் தேய்ச்சுக் கொடுத்துடறாங்க. அந்தக் கத்திதான் நான் மேல சொன்ன ஆப்பு.

அடுத்தது தோய்ச்சல். காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் அதுக்கு மேல ஒரு சாயல் கூடுதலா பழுக்கவிட்டு எண்ணெயில தோய்க்கணும், எண்ணெய் 50–60 டிகிரி வெதுவெதுப்பா இருக்கணும். பச்சைத்தண்ணியில முக்கினா "சுர்"ருன்னு நல்லா சத்தம் வரும், கூடவே வாய்ல விரிசலும் வரும். தோய்ச்சதும் அரத்தை வாய் மேல ஓட்டிப் பாருங்க. கண்ணாடி மேல ஓடற மாதிரி வழுக்கினா கடினம் ஏறியிருக்கு. கடிச்சா ஏறலை.

கடைசியா பதம் இறக்கறது. தோய்ச்ச கத்தியை அப்படியே விட்டா கீழ விழுந்தா உடையும். 200–220 டிகிரியில ஒரு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு மணி நேரம். தேய்ச்சு வெளுப்பாக்கின முகத்துல வைக்கோல் நிறம் படரும், அதோட நிறுத்தணும். ஊதா தாண்டி நீலம் வந்துட்டா அது ஸ்பிரிங், கத்தி இல்ல. பட்டறையில கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: "எந்த நிறத்துல நிறுத்துவீங்க?" பதில் சொல்லத் தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க.

#17 கறிக்கட்டை

பவர் ஆக்ஸா பிளேடுல செஞ்ச கத்தி?

#18 அரம்_சாணை

அதிவேக எஃகு. சாணையில சிவந்தாக்கூட கடினம் இறங்காது, அது ஒண்ணுதான் வசதி. மத்தபடி உடையும். மூட்டுல திருகினா முனை டப்புன்னு போயிடும், அந்தத் துண்டு கறிக்குள்ள. வேணாம்.

#19 நகராட்சி_வாசல்

ஒரு தடை சொல்லணும். இறைச்சிக் கடைக்கான உணவுப் பாதுகாப்பு விதி துருப்பிடிக்காத எஃகுல கத்தி, கொக்கி எல்லாம் இருக்கணும்னு கேக்குது. லாரி பட்டை எவ்வளவு நல்லா இருந்தாலும் உரிமத்தோட நடக்கிற கடைக்கு அது சரியில்ல. டி2-வும் முழுசா துருப்பிடிக்காத வகை கிடையாது, ரத்தம் காஞ்சா புள்ளி விழும்.

பிடிக்கும் இது பொருந்தும். மரப்பிடியில ஆணிக்கும் காம்புக்கும் நடுவுல இடுக்கு இருக்கும். ரத்தம் அங்க போய்த் தங்கும். வழுக்காம இருக்க சைக்கிள் டியூப் சுத்தறாங்களே, அது இன்னும் மோசம். அவிழ்த்துப் பார்த்தா நாத்தம் குடலைப் புரட்டும். அலகோட சேர்த்து வார்த்த சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடி, 11–12 செ.மீ. நீளம், வாய்ப்பக்கம் விரல் வழுக்காம ஒரு தடுப்பு, இது போதும்.

சட்டம் இன்னொண்ணு. 9 அங்குலத்துக்கு மேல நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல அகலம் இருக்கிற அலகு, வீட்டு வேலைக்கோ தொழிலுக்கோ விவசாயத்துக்கோ செஞ்சதா இல்லாம இருந்தா ஆயுத விதிகளுக்குள்ள வரும். உரிக்கிற கத்தி 5–6 அங்குலம், தொழில் கருவி, கவலை இல்ல. அதுக்காக இடுப்புல செருகிட்டு பஸ்ல போகாதீங்க. துணியில சுத்தி டப்பாவுல வைங்க.

#20 பாலாத்தங்கரை

நன்றி. அப்ப கம்பெனித் துருப்பிடிக்காத கத்திதான். தீட்டறதைச் சொல்லுங்க. இப்ப சைக்கிள்ல வர்ற சாணைக்காரர்கிட்டதான் போகுது.

#21 அரம்_சாணை

எஃகுல நமக்குள்ள சண்டை இருக்கலாம், இதுல இல்ல. சைக்கிள் சாணையில உலர்ந்த கல்லுல பொறி பறக்கத் தேய்ச்சா வாய் ஓரம் மெலிசா இருக்கிறதால நொடியில சூடேறும். நீலம் பாஞ்ச இடம் பதம் போன இடம். எவ்வளவு கூராக்கினாலும் ரெண்டாவது ஆட்டுல மழுங்கும். அந்த நீலத்தை முழுசா தேய்ச்சு எடுத்தாதான் உள்ள நல்ல எஃகு வரும். சாணையே பிடிக்கணும்னா ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணியில முக்கச் சொல்லுங்க. வாய்ல விரலை வச்சா சுடக்கூடாது.

கையில தீட்டறது: இருமுகக் கார்போரண்டம் கல், கடைசிக்கு ஒரு 1000 நம்பர் கல். கல்லை ஈரத்துணி மேல வைங்க, நகராது. கோணம் பக்கத்துக்கு 18 டிகிரி. கண்ணால 18 டிகிரி யாருக்கும் தெரியாது, அதனால முதுகு உயரத்தை அளந்துக்கோங்க. அலகு அகலம் 32 மி.மீ.ன்னா முதுகு கல்லிலிருந்து 10 மி.மீ. தூக்கி இருக்கணும். சுண்டுவிரலைப் படுக்க வச்சா ஏறக்குறைய அந்த உயரம். 11 ஆனா 20 டிகிரி, 8-க்கு வந்தா 15.

சொரசொரப்புப் பக்கத்துல ஒரு பக்கம் மட்டும் தேய்ச்சிக்கிட்டே இருங்க, எதிர்ப்பக்கம் விரல் நுனியில பிசிறு தட்டுற வரைக்கும். குதிகால்லேர்ந்து முனை வரைக்கும் முழு நீளத்துக்கும் பிசிறு வரணும். வளைவு வர்ற இடத்துல பிடியைக் கொஞ்சம் கொஞ்சமா தூக்கிட்டே போகணும், இல்லன்னா வயிறு தேயாது, நேர்ப்பாகம் மட்டும் குழிஞ்சுபோகும். பல கத்தி அரிவாள் மாதிரி ஆகிறது இதனாலதான். அப்புறம் மறுபக்கம். அப்புறம் 1000-ல அழுத்தம் குறைச்சு, மாத்தி மாத்தி. பிசிறு மீதி இருந்தா வாய் கூரா இருக்கிற மாதிரி ஏமாத்தும். முதல் ஆட்டுலயே பிசிறு ஒடிஞ்சு மழுங்கிடும். பழைய தோல் பெல்ட் உள்பக்கத்துல பத்து இழுப்பு பின்னோக்கி இழுத்தா போயிடும்.

வேலை நடுவுல தீட்டுக் கம்பி. வழவழப்பான கம்பி வாங்குங்க. கோடு போட்ட முரட்டுக் கம்பி வாயில பல்லு உண்டாக்கும், அந்தப் பல்லு சவ்வுல மாட்டி இழுக்கும். இழுக்கிறப்போ கை உதறும், உதறினா கீறல். ரெண்டு ஆட்டுக்கு ஒரு தரம், பக்கத்துக்கு 3–4 இழுப்பு, கத்தியோட எடை போதும், அழுத்த வேணாம். கம்பியில வாய் வராத நாள் கல்லுக்குப் போற நாள். டி2-வுக்கு இந்தக் கம்பி உதவாது, பீங்கான் கம்பி.

#22 நகராட்சி_வாசல்

தீட்டினதும் கழுவுங்க, கல்லுப்பொடி கறியில போகக்கூடாது. ரத்தக் கத்தியை முதல்ல பச்சைத்தண்ணியில. எடுத்தவுடனே வெந்நீர்ல போட்டா ரத்தம் வெந்து ஒட்டிக்கும். அப்புறம் சோப்பு, அப்புறம் 82 டிகிரி வெந்நீர். ரெண்டு கத்தி இருந்தா ஒண்ணு வெந்நீர்ல, ஒண்ணு கையில. ஆடு மாறும்போது கத்தி மாறும். கறிக்கட்டை அண்ணே, ரெண்டு கத்தி தேடற வேலை இல்ல, இதுக்குத்தான்.

#23 உப்புமூட்டை

கத்தி இழைதான், ஆனா ரெண்டு வரி. உரிச்ச தோலைத் தரையில மடிச்சுப் போட்டு மாலை வரைக்கும் வச்சிட்டு, அப்புறம் கத்தி மேல பழி போடாதீங்க. வேலூர் அக்னி நட்சத்திர வெயில்ல நாலு மணி நேரத்துக்குள்ள உப்பு ஏறணும். தோல் எடையில 40% உப்பு, அதாவது ஒண்ணரைக் கிலோ தோலுக்கு 600 கிராம். கறிப்பக்கம் மேல பார்க்க விரிச்சு, கழுத்து மடிப்பு, கால் ஓரம் எல்லாம் கையால தேய்க்கணும். ஒட்டியிருக்கிற கறித்துண்டை முன்னாடியே முனை உருண்ட கத்தியால சீவி எடுங்க.

அந்த உரிக்கிற கத்தியால உப்பு மூட்டையை அறுக்காதீங்க. துருப்பிடிக்காத எஃகுன்னாலும் உப்புத்தண்ணி காஞ்சா ஊசிப்புள்ளியா அரிக்கும். புள்ளி வாய்ல விழுந்தா அதுவும் பல்லுதான்.

#24 கறிக்கட்டை

காத்து அடிச்சா முட்டியும் வேணாம், கத்தியும் வேணாமே? பின்னங்கால்ல துளை போட்டு ஊதினா தோல் தானா எழும்பும்.

#25 நகராட்சி_வாசல்

வாயால ஊதறது கூடவே கூடாது. ஊதறவர் வாயில இருக்கிறது கறிக்கு, ஆட்டுல இருக்கிறது ஊதறவருக்கு. கால் பம்ப், சுத்தமான குழல்னா தோல் வரைக்கும் பரவாயில்லை, வெட்டு குறையறது உண்மை. அளவு மீறினா காத்து கறிக்குள்ள ஏறி பொதபொதன்னு ஆகும், பார்க்கிறவங்க எடைக்கு ஏமாத்தறதா நினைப்பாங்க. கம்ப்ரசர்னா எண்ணெய், ஈரம் வடிகட்டி இல்லாம வேணாம்.

#26 முட்டிக்கை

இதையும் சேர்த்துக்கோங்க. தானா திடீர்னு செத்த ஆடு, மூக்கு, மலவாய்ல கறுப்பா உறையாத ரத்தம் வடியுதுன்னா கத்தியை எடுக்கவே எடுக்காதீங்க. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயா இருக்கலாம். வடஆற்காட்டுல மனுஷங்களுக்கு இது வந்ததை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பதிவு செஞ்சிருக்காங்க. உடம்பைத் திறந்தா கிருமி காத்து பட்டு வித்தா மாறி மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும், கையில சின்னக் கீறல் இருந்தா போதும். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க.

#27 பாலாத்தங்கரை

குறிச்சுக்கிட்டேன். வாங்கப்போறது: 5 அங்குலம் வளைவுக்கத்தி ரெண்டு, துளைக்கும் மூட்டுக்கும் குறுகின கத்தி ஒண்ணு, வழவழப்புத் தீட்டுக் கம்பி, இருமுகக் கல், 1000 கல். வேட்டைக் கத்தி வேணாம். கடைசியா ஒண்ணு: உரிக்கிறவர் இடதுகைக்காரர். அவருக்குக் கத்தியில ஏதாவது மாத்தணுமா?

#28 உலைக்களம்

ரெண்டு பக்கமும் சமமா சரிவு இருந்தா மாத்த வேண்டியதில்லை. ஒருபக்கச் சரிவுக் கத்தி வாங்கினாத்தான் பார்க்கணும். சரிவு இருக்கிற முகம் தோல் பக்கம் வரணும், அப்ப வாய் தோலை விட்டுத் தூக்கி நிக்கும். தட்டையான முகம் தோல்ல பட்டா வாய் நேரா தோல் மேலயே ஓடும், கீறும். வலதுகைக்காரருக்குச் செஞ்சது இடதுகையில போனா இது தலைகீழாகும். கடையில பிரிச்சு, கையில பிடிச்சு, தோல் எந்தப் பக்கம் இருக்கும்னு நினைச்சுப் பார்த்துட்டு வாங்கச் சொல்லுங்க.

#29 கறிக்கட்டை

சரிண்ணே, வளைவு ஒண்ணு நானும் வாங்கிப் பார்க்கிறேன். நேர்கத்தியைத் தூக்கிப் போடமாட்டேன், சொல்லிட்டேன்.

#30 உலைக்களம்

போடவேணாம். முனையை மட்டும் உருட்டிடுங்க, 3 மி.மீ.